கொதிக்க வைத்த தண்ணீர்

வரைபடத்தில் அந்த மாட்டுப் பண்ணையின் மேல் சிவப்பு வந்து விழுந்ததும் சின்னவள் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, லாட்டரியா?"

"அதைவிடப் பெருசு சார்."

நிலத்தடி நீர் அலுவலகத்தில் அவள் ஆய்வாளர். எந்த இடத்துத் தண்ணீர் சுலபமாகக் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, மேலே இருப்பது மணலா களிமண்ணா, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, மழை எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் வரைபடம் நிறம் பூசிக்கொள்ளும். பச்சை என்றால் நிம்மதி. சிவப்பு என்றால், மேலே குவிகிற சாணமும் உரமும் நைட்ரேட்டாகி நேரே கிணற்றுக்குள் இறங்கிவிடும். இந்த வட்டாரத்தை அவளேதான் கேட்டு வாங்கியிருந்தாள். காரணத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. மதிப்பெண்ணைத் திருத்தக்கூடத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். அதற்கு வேலையே வைக்காமல் மண்ணே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

அந்தப் பண்ணை அவளுடைய அக்காவின் புகுந்த வீடு. அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பின் பால் சுரக்கவில்லை. மாமியார் சொன்னபடி கொதிக்க வைத்த கிணற்றுத் தண்ணீரில் பால்மாவைக் கரைத்துத்தான் கொடுத்தாள். கொழுகொழுவென்று இருந்த பிள்ளைக்குத் திடீரென்று உதடு நீலமானது, பிறகு விரல் நுனிகள். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது. இதயத்தில் கோளாறு இருந்திருக்கும் என்றார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "பாலும் இல்ல, பாட்டில ஒழுங்கா கழுவவும் துப்பில்ல" என்றாள் மாமியார். புருஷன் குனிந்த தலை நிமிராமல் அக்காவைக் கொண்டுவந்து தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அக்கா இப்போது சின்னவளோடுதான் இருக்கிறாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவுகிறாள். குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போவதில்லை.

பயிற்சி வகுப்பில் நைட்ரேட் கலந்த தண்ணீரும் பச்சிளங்குழந்தைகளின் நீல உதடுகளும் என்ற பாடம் வந்த அன்று சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை. வெறும் சந்தேகத்தை அவள் தலையில் ஏற்றி என்ன பயன்? கையில் ஆதாரத்தோடு போய் அந்த வீட்டு நடுக்கூடத்தில் நின்று பேச வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரைபடம் ஆபத்தைத்தான் காட்டும். தண்ணீரை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே போனாள்.

அக்காவை விட்டுவிட்டுப் போன அந்தப் பண்ணைக்காரனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான்.

"உங்க அக்கா எப்படி இருக்கா?"

"இருக்கா சார்."

"அத்தான்னு கூப்பிட்ட வாய்."

"கூப்பிட்டுச்சு, ஒரு காலத்துல. கிணறு எந்தப் பக்கம்?"

கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்திலேயே சாணக்குழி, ஒரு குளம் அளவுக்கு நொதித்துக் கிடந்தது. தண்ணீரில் நனைத்த நைட்ரேட் சோதனைப் பட்டை, அவள் மூச்சை இழுத்து விடுவதற்குள் கருஞ்சிவப்பாகிவிட்டது.

"எங்க தண்ணி தேன் மாதிரி இருக்கும்" என்றான் அவன்.

"ரிப்போர்ட் வரும்" என்று பெட்டியை மூடினாள்.

ஜீப்புக்குத் திரும்பும் வழியில் சமையலறை ஜன்னல். உள்ளே இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய இரண்டாம் மனைவி. அடுப்பருகே அதே மாமியார். சின்னவளின் கால் நின்றுவிட்டது. முடிவை அந்த இடத்திலேயே யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அலுவலக விதி. அறிக்கை நாலு மேசை ஏறி இறங்கி வருவதற்குள் நடப்பது நடந்துவிடும். அவள் வாயைத் திறக்காமல் ஜீப்பில் ஏறினால் போதும். இவர்களும் ஒரு நாள் உதட்டைப் பார்த்து அலறட்டும். நினைப்பு இனித்தது. ஜீப் கதவில் கையை வைத்தேவிட்டாள்.

"தண்ணி இன்னும் நல்லாக் கொதிக்கட்டும்டி" என்று ஜன்னல் வழியே மாமியாரின் குரல் வந்தது. "முன்ன இருந்தவ மாதிரி அரைகுறையா பண்ணித் தொலைக்காத."

சின்னவளைத் திருப்பியது இரக்கம் என்று சொல்ல முடியாது. விறுவிறுவென்று உள்ளே போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள்.

"இதைக் குடுக்காதீங்க. கொதிச்சா கிருமிதான் சாகும். தண்ணி ஆவியாப் போயிடும், விஷம் அப்படியே தங்கிடும். கொதிக்கக் கொதிக்க ஏறும். இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, தண்ணியப் பத்தியும் சொல்லுங்க."

பின்னாலேயே வந்த பண்ணைக்காரன் கத்தினான். "வந்த வேலையப் பார்த்துட்டுப் போ!"

"இதுதான் வேலை." பட்டையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். பிறகு கிழவியின் பக்கம் திரும்பினாள். "எங்க அக்கா பாட்டில நல்லாத்தான் கழுவினா அத்தை. உங்க பேரன் குடிச்சது உங்க பையன் வெட்டின குழியோட தண்ணி. அதைக் கொதிக்க வெச்சு, கொதிக்க வெச்சுக் குடுக்கச் சொன்னது நீங்க."

அன்றைய தண்ணீரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வேண்டுமென்றே விழுங்கினாள். கிழவி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். பண்ணைக்காரன் ஜன்னல் வழியே சாணக்குழியைப் பார்த்தான், பார்வையை எடுக்க முடியாதவன் போல. இத்தனை வருஷம் அவள் கற்பனை செய்ததைவிட நன்றாகவே இருந்தது. கூச்சமில்லாமல் கண்ணாரப் பார்த்தாள்.

இளம்பெண் பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உதட்டைப் பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"முன்ன இருந்தவங்களுக்கு இது தெரியுமா?"

சின்னவள் கையிலிருந்த பாட்டிலைத் தொட்டியில் கொட்டினாள்.

"தெரியாதா? அவங்ககிட்ட சொல்லாமத்தான் இங்க வந்து சொன்னீங்களா?"

"சொல்லணும்னுதான்..."

"போன் போட்டுக் குடுங்கக்கா."

"நீ உள்ள போ" என்றான் பண்ணைக்காரன். அவள் அசையவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

இந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாள், யார் சொல்ல வேண்டும் என்று சின்னவளுக்கு ஓடவில்லை. விரல் தானாக அக்காவின் பெயரை அழுத்தியது. மணி அடித்தது. அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீரும் பாத்திரமும் சத்தம் போட்டன.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

இளம்பெண் போனை வாங்கிக் காதில் வைத்தாள். பேச வாயெடுப்பதற்குள், அவள் இடுப்பிலிருந்த பிள்ளை எட்டிப் போனைப் பிடித்து இழுத்து, ஈரமான வாயை அதில் வைத்து ஏதோ குழறியது.

அந்தப் பக்கம் குழாய் நின்றது.

"யாரோட குழந்தைடி அது?"