ஆட்டத்துக்கு முதுகு காட்டியவன்

கழுத்து வரைக்கும் சூடான சேற்றில் கிடந்தபோதுதான் அந்த விஷயம் எனக்குத் தெரியவந்தது. மூட்டுவலிக்காரர்களுக்கு அரசாங்க மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பன்னிரண்டு நாள் சேற்றுக் குளியல். கந்தக நாற்றம் எப்படிப்பட்டது என்றால், முதல் நாள் என் பின்னாலேயே வந்த ஈ ஒன்று வாசற்படியில் மயங்கி விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். சேற்றுக்குள் சட்டை கிடையாது, கழுத்துத் துண்டு கிடையாது. எந்த ஊர், எந்த அணி என்று எவனுக்கும் தெரியாது. பக்கத்துத் தொட்டிக்காரர் மூன்று நாளாகத் தக்காளிச் செடியைப் பற்றியும் தன் சிறுநீர்ப்பையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் அரைத்தூக்கத்தில் ஒரு பாட்டை முணுமுணுத்தார். எங்கள் ஊரையும், எங்கள் ஊர் ஆண்களையும், அவர்களைப் பெற்றவர்களையும் வரிசையாகக் கவுரவிக்கும் பாட்டு. முப்பது வருடம் கால்பந்து மைதானத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்ட பாட்டு.

"யோவ், நீ மோந்தெவெர்சாக்காரனா?"

ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "நீ?"

"போர்த்தோசாலே. வடக்கு வளைவு. முதல் வரிசை."

"அட உப்புக்கண்டம்!"

"அட வெங்காயம்!"

எங்களுடையது உப்பளத்து ஊர், அவர்களுடையது வெங்காயம் விளையும் ஊர். வேறு சமயமாக இருந்தால் அங்கேயே கைகலந்திருப்போம். ஆனால் அந்தச் சேற்றிலிருந்து ஒரு கிழவனைத் தூக்க இரண்டு தாதிகள் வேண்டும், மணி அடித்தால்தான் அவர்கள் வருவார்கள். இரண்டு ஊர் வரலாற்றிலும் சமாதானமாக முடிந்த முதல் மோதல் அதுவாகத்தான் இருக்கும். அவர் பெயர் குவால்தியேரோ. இருபத்தாறு வருடம் அவர்கள் கூட்டத்தில் பறை அடித்தவர். என் பக்கம் தலையைத் திருப்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆறு மாசமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். உங்க தலைவன், அந்தக் கரகரக் குரல்காரன், எதுக்குய்யா எங்ககிட்ட பேனரைக் கொண்டாந்து குடுத்தான்?"

சேறு சூடாகத்தான் இருந்தது. எனக்குக் குளிர்ந்தது.

எங்கள் கூட்டத்தின் பெயர் கல்லுப்பு. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் வளைவில் நின்று, தொண்ணூறு நிமிடமும் பாடுகிறவர்கள். ஜெயித்தாலும் பாடுவோம், ஐந்து கோல் வாங்கினாலும் பாடுவோம்; ஒருமுறை ஆலங்கட்டி மழையில் நடுவரே ஓடிப்போன பிறகும் இரண்டு மணி நேரம் பாடினோம். பழைய பாய்மரத் துணியில் எழுதிய எங்கள் பதாகை இருபது மீட்டர் நீளம். முப்பது என்று நான் சொல்வேன். அதை ஒவ்வொரு வாரமும் ஒருவர் வீட்டில் ஒளித்து வைப்போம். யார் வீடு என்பது தலைவருக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரியும். ஏனென்றால் எதிரி கையில் பதாகை சிக்கினால், அதை அவர்கள் மைதானத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால், கூட்டம் அன்றோடு கலைந்தது. மறுபடி அந்தப் பெயரில் யாரும் ஒன்றுகூட முடியாது. எங்கும் எழுதியில்லாத சட்டம்; எழுதிய சட்டங்களை எல்லாம் மீறிய நாங்கள் மீறாத ஒரே சட்டம்.

தலைவன் லோரிஸ், வார நாட்களில் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். முப்பத்தொரு வருடம் கம்பிவேலி மேல் ஏறி, மெகாபோனை வாயில் வைத்து, எங்களைப் பார்த்து நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தவன். எங்களைப் பார்த்து நின்றால் மைதானம் முதுகுப் பக்கம். இதை யோசித்துப் பாருங்கள்: முப்பத்தொரு வருடத்தில் அவன் ஒரு கோல்கூடப் பார்த்தது கிடையாது. முதல் வரிசையில் நேர் எதிரே நான் நிற்பேன். என் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வான். என் புருவம் ஏறினால் பந்து நம் பக்கம், வாய் கோணினால் அவர்கள் பக்கம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தைந்து வருடம் கல்லாக வைத்திருந்த இந்த முகம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்குத் தொலைக்காட்சி. ஆட்டம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது பக்கத்தில் உட்காருவான். "சொல்லு எர்மெஸ், எப்படி விழுந்துச்சு?" என்பான். நான் சொல்வேன். எப்படிச் சொல்வேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தலைவன் பதவியை உதறவும் முடியாது. மெகாபோனை எடுத்தவன் சாகும்வரை பிடித்திருக்க வேண்டும், அல்லது கூட்டம் கலையும்வரை. அவனுக்கு முந்தையவரை மெகாபோனோடுதான் புதைத்தோம்.

போன அக்டோபரில், மோந்தெவெர்சாவோடு ஆட்டம் இருந்த வாரம், பதாகை என் வீட்டு நிலவறையில் இருந்தது. வெள்ளிக்கிழமை பார்த்தால் இல்லை. பூட்டு உடையவில்லை. தக்காளிச் சாறு ஜாடி ஒன்றுகூட நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெங்காயக்காரர்களின் கம்பியில் அது தலைகீழாகத் தொங்கியது. எங்களில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். அந்த வாரம் யார் வீடு என்பதைப் பேருந்தில் நானே சொல்ல வேண்டியிருந்தது. எல்லோருக்கும் தெரியும், எனக்கு வாய் நீளம். எங்கேயோ குடித்துவிட்டு 'என் வீட்டில்தான் இருக்கிறது' என்று பீற்றியிருப்பேன் என்று முடிவு கட்டினார்கள். நாங்கள் வழக்கமாகக் கூடும் ஃபோஸ்காவின் காபிக் கடையில் லோரிஸ் என்னைக் கட்டிக்கொண்டு, "எர்மெஸைப் பத்தி எவனாவது ஒரு வார்த்தை பேசினா என்கிட்ட பதில் சொல்லணும்" என்று அந்தக் கரகரக் குரலில் சொன்னான். அதற்கு முன் சந்தேகப்படாதவர்களும் அதற்குப் பின் சந்தேகப்பட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், நானே நம்பிவிட்டேன். ஆறு மாதம் ராத்திரி பகல் யோசித்தேன். யாரிடம் சொன்னேன்? முடிதிருத்துகிறவனிடமா? மீன்காரியிடமா? என் வாயை எனக்குத் தெரியாதா. சொல்லியிருப்பேன் என்று நினைத்து, யாரிடம் என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சாவி லோரிஸிடமும் ஒன்று உண்டு, நாங்கள் ஊருக்குப் போனால் பூனைக்குச் சோறு வைப்பதற்கு. அவனைச் சந்தேகப்படுவதற்குப் பதில் பூனையைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

"பொய் சொல்ற" என்றேன் சேற்றிலிருந்து. "அடிச்சுப் பிடுங்கினோம்னு நீங்கதானேய்யா ஊரெல்லாம் சொன்னீங்க. இருபது பேரோட சண்டை போட்டீங்களாமே."

"நான் மட்டும் அஞ்சு பேரை அடிச்சேன்னு சொல்லியிருக்கேன். வேற என்னய்யா சொல்றது? வியாழக்கிழமை, மத்தியானம், சாப்பாட்டு நேரம். ஒரு ரொட்டி வேன் வந்து நின்னுச்சு. அவனே எறங்கினான். அவனே தூக்கி மேசை மேல வச்சான். துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சு, பாய்மரக் கயித்துல முடிச்சுப் போட்டு. திருடினவன் எவன்யா இஸ்திரி போடுவான்? உள்ள லாவெண்டர் பை வேற. நீலத் துணியில, பூனை படம் தச்சது."

அந்தப் பூனை என் மனைவி இவோன்னெ தைத்தது; நிலவறையில் பதாகைக்குப் பூச்சி வராமல் இருக்க அவள் உள்ளே செருகி வைத்த பை.

"பிடுங்கின பேனர்னா பெருமை" என்றார் குவால்தியேரோ. "தானமா வந்த பேனர் தரித்திரம். அன்னிலேர்ந்து நாங்க ஒரு ஆட்டம் ஜெயிக்கல, தெரியுமா?"

மிச்சம் எட்டு நாள் குளியலை விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். என் மூட்டுகள் இந்தக் கதையில் முதலாவதாகப் பலியானவை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, சொந்த ஊர் ஆட்டம். ஆறு மாதமாக மைதானத்துப் பக்கமே போகாதவன் அன்று ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் போனேன். வடக்கு வளைவு வெறும் சிமெண்ட். நாங்கள் நின்ற இடத்தில் இரண்டு கடற்பறவைகள் ஒரு காகிதத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எதிரே கூரை போட்ட பகுதி. அங்கே மெத்தை கொண்டுவந்து உட்காருகிறவர்களை நாங்கள் பிணங்கள் என்போம். பிணங்களுக்கு நடுவில், இரண்டாம் வரிசையில், பச்சை மெத்தை மேல் லோரிஸ். மடியில் உப்பில் ஊறிய லூப்பின் பயறுப் பொட்டலம். ஒன்றை எடுத்து, தோலைப் பிதுக்கி, வாயில் போட்டான். கண் பந்தைவிட்டு நகரவில்லை. முதல் தடவை பல்லக்கில் ஏறியவன் மாதிரி ஒரு முகம்.

முன்னால் போய் நின்றேன்.

"மறைக்காத, எர்மெஸ்" என்றான்.

மறைக்காதே! முப்பத்தொரு வருடம் மைதானத்தை அவனுக்கு நான்தான் காட்டினேன்.

"குவால்தியேரோன்னு ஒருத்தரைப் பாத்தேன். சேத்துக் குளியல்ல."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த பயறு வழியில் நின்றது.

"இஸ்திரி எதுக்குடா போட்ட?"

பயறைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டான். "கசங்கிக் கிடந்துச்சு" என்றான் பிறகு. "அப்படியே குடுக்க மனசு வரல."

"ஏன்டா, லோரிஸ்?"

"நீதான்டா காரணம்." கரகரப்பு போய்ச் சின்னக் குரலாக வந்தது. "ஒவ்வொரு கோலையும் பஸ்ல எப்படிச் சொல்லுவ! நாப்பது மீட்டர்லேர்ந்து அடிச்சான்ப. பந்து நடுவானத்துல நின்னு யோசிச்சுச்சும்ப. பறவை வழிவிட்டுச்சு, கோல்கீப்பர் தொப்பியக் கழட்டிக் கும்பிட்டாரும்ப. வீட்டுக்குப் போய்ப் படுத்தாத் தூக்கம் வராது. ஒண்ணு, ஒரே ஒண்ணு பாத்துட்டுச் சாகணும்னு இருந்துச்சு. மெகாபோனைக் கீழ வைக்க நம்ம சட்டத்துல வேற வழி இருக்கா? இருந்தாச் சொல்லு."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா எடுத்துக் குடுத்திருப்பியா?"

அந்தக் கேள்வியைத் தாண்டி என் கேள்விக்குப் போனேன்.

"சரி, என் பேரு? ஆறு மாசம்டா. ஃபோஸ்கா காபிய என் முன்னால வைக்கிறதில்ல, தள்ளி விடுறா. பழகின நாய்கூட வேற ஆளைப் பாக்குற மாதிரி பாக்குது. எல்லார் முன்னாலயும் என்னைக் கட்டிப் பிடிச்சியே, அது எதுக்கு?"

"வேற யார் வீட்லேர்ந்து போயிருந்தாலும் விசாரிச்சிருப்பாங்க." என்னைப் பார்க்காமல் சொன்னான். "உன் வாய்னா யாரும் விசாரிக்க மாட்டாங்க."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எந்த வாரம் யார் வீடு என்று முறை போடுகிறவன் அவன்தான். வெங்காயக்காரர்கள் ஆட்டம் வரும் வாரத்துக்கு என் பெயரைத் தேர்ந்தெடுத்தது அவன்தான். இருபத்தெட்டு பேரில் என்னை.

"அப்புறம் இன்னொண்ணு" என்றான். கண்ணோரம் நிஜமாகவே ஈரம். "ஆறு மாசமா உக்காந்து பாக்குறேன். பதினோரு கோல். எல்லாம் எவன் முழங்கால்லயோ பட்டு, உருண்டு, கோட்டைத் தாண்டிக் கெடக்குது. ஒரு பறவையும் வழிவிடல. முப்பத்தோரு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கடா, எர்மெஸ்."

இரண்டு பிணங்கள் திரும்பி "உஸ்" என்றன. நான் குனிந்து லோரிஸின் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

"எழுந்திரு. ஃபோஸ்கா கடைக்கு வா. இப்ப என்கிட்ட சொன்னதை அங்க சொல்லு."

"ஆட்டம் முடியட்டும்."

"இப்பவே."

"எம்பத்தேழாவது நிமிஷம்டா. மூணு நிமிஷம் பொறுக்க மாட்டியா?"

காலரை இறுக்கினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் பந்தை உதைக்கும் சத்தம் ஒன்று கேட்டது. கனமாக, தூரத்திலிருந்து. லோரிஸின் புருவம் ஏறியது. முதலில் இடது, பிறகு வலது. என் புருவங்கள் ஏறும் அதே வரிசை. கண்கள் மேலே போயின, இன்னும் மேலே, கூரை விளிம்பு வரைக்கும் போய் அங்கேயே ஒரு கணம் நின்றன. மடியிலிருந்து பயறுப் பொட்டலம் சரிந்து படியெல்லாம் உருண்டது. சுற்றிலும் பிணங்கள் எழுந்து நின்றன, மெத்தைகள் விழுந்தன, யாரோ என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். லோரிஸின் வாய் திறந்திருந்தது. கீழுதட்டில் ஒரு பயறுத் தோல் ஒட்டி நடுங்கியது. அவன் வலது கை, இல்லாத மெகாபோனைப் பிடித்தபடி, பாதி உயர்ந்து நின்றது.

நான் திரும்பவில்லை. காலரையும் விடவில்லை.