நஸ்மா எழுத்தில் ஒரு சாவு நோட்டீஸ்

தெய்ர் லவ்ஸா ஊர்க் கோயில் மணியின் மேல் ஆணை, இந்த வருடத்து ஒலிவ எண்ணெயின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. சந்தேகப்படுகிறவன் வீட்டு எண்ணெய் கசந்து போகட்டும்.

லெபனானின் தென்கோடி மலையில், எல்லைக் கம்பி கண்ணுக்குத் தெரிகிற அந்த ஊரில் அச்சகம் வைத்திருந்தவர் மெல்ஹெம். அவர் கணினியில் அரபு எழுத்துரு இரண்டே. ஒன்று தடித்த கறுப்பு. செத்தவர் பெயரை ஓடுகிற காரிலிருந்தே படித்துவிடலாம். மற்றது நஸ்மா. யாரோ ஒருத்தி நாணல் பேனாவால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கும். முடி இழையளவு கோடு. ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் இடுப்பில் கை போட்டிருக்கும். ஈ உட்கார்ந்தால் புள்ளி கூடி மணமகள் பெயரே மாறிவிடும். ஒரு முறை அப்படி மாறி, மாப்பிள்ளை அந்தப் பெயர்க்காரியையே கட்டிக்கொண்டு இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறார்.

கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அட்டை, சர்க்கரை பாதாம் டப்பா, இவற்றுக்கு நஸ்மா. சுவரில் ஒட்டும் சாவு நோட்டீஸுக்குக் கறுப்பு. ஊரில் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. எழுத்தின் உடம்பைத் தூரத்தில் பார்த்தே எந்தச் சட்டை போடுவது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

ஊர்ப் பையன் கஸ்ஸானின் கல்யாணப் பத்திரிகை நஸ்மாவில் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தபோது, அவன் ஒலிவத் தோப்பில் பழைய போரின் குண்டு ஒன்றை மிதித்துவிட்டான்.

மறுநாள் காலை அவன் அம்மா, ஊர் வழக்கில் மகன் பெயராலேயே இம் கஸ்ஸான், அச்சகத்துக்குள் வந்து நின்றாள். கண்ணில் ஈரம் இல்லை. உறவில்கூட இன்னும் யாருக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை.

"கார்டுக்குப் போட்ட அதே எழுத்துல நோட்டீஸ் போடு மெல்ஹெம்."

"அது கையில வச்சுப் படிக்கிற எழுத்து. செவுத்துல ஒட்டினா எறும்பு போன மாதிரி இருக்கும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"உன் மூக்கு மட்டும் எல்லாருக்கும் தெரியுதில்ல? பெருசாப் போடு."

"சாவுன்னே நெனைக்க மாட்டாங்க இம் கஸ்ஸான். ஊரே வராமப் போச்சுன்னா? புள்ளையத் தூக்க நாலு தோள் வேணாமா?"

"கல்யாணம் ஆகாத புள்ள. வெள்ளப் பெட்டியில, அரிசி தூவி, மேளத்தோட மாப்பிள்ளையாத்தான் போகணும். அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வேணாமாடா?"

மெல்ஹெம் நஸ்மாவிலேயே அடித்துக் கொடுத்தார். தன் கையாலேயே சுவர் சுவராக ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தார். சந்தேகமே இல்லை, கல்யாணம்தான். பிய்த்துவிடக் கை துறுதுறுத்தது. அவள் முகம் ஞாபகத்துக்கு வந்தது, விட்டுவிட்டார்.

அடக்க நேரம் வந்தது. கோயிலில் வெள்ளைப் பெட்டி, இம் கஸ்ஸான், மெல்ஹெம், கடிகாரத்தையே பார்க்கிற பாதிரியார். வேறு ஈ காக்கை இல்லை. அவள் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மெல்ஹெமின் சட்டை முதுகில் ஒட்டியது. ஒரு தாய் கேட்டதைச் செய்தேன், அதனாலேயே அவள் பிள்ளை அநாதையாகப் போகப் போகிறான் என்று நினைத்தபடி பெட்டியின் கனத்தைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் பாதிரியார்.

அப்போது கார் ஹாரன்கள் கேட்டன. ரிப்பன் கட்டிய கார்கள். மினுமினு உடையில் பெண்கள், பாதாம் தட்டுகள், முன்னால் மேளக்காரன். கல்யாணத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து ஊரே திரண்டு வந்திருந்தது. வாசலில் பெட்டியைக் கண்டதும் மேளக்காரனின் குச்சி அந்தரத்தில் நின்றது.

கஸ்ஸானின் மாமன் தன்னூஸ், ரோஜா குத்திய கோட்டோடு மெல்ஹெமின் கழுத்துப்பட்டியைப் பிடித்தார். "சாவு வீட்டுக்கு செண்ட் அடிச்சிட்டு வரவச்சிட்டியேடா பாவி! உன் கைய ஒடிக்கணும்!"

"அவன விடு தன்னூஸ்," என்றாள் இம் கஸ்ஸான். "மாப்பிள்ள வீட்டுக்கு வேற எப்படி வருவ?" மேளக்காரனிடம் திரும்பினாள். "ஏன்பா நிறுத்திட்ட? அடி."

அவன் அடித்தான். ஒரு கிழவி தொண்டை கிழியக் குலவையிட்டாள். மற்றவர்கள் அழுதுகொண்டே சேர்ந்துகொண்டார்கள். பெட்டியைத் தோளில் ஏற்றி, மாப்பிள்ளையை ஆட்டுவதுபோல ஆட்டியபடி மேட்டில் ஏறினார்கள். அரிசி மழையாய்க் கொட்டியது. முன் மூலையை மெல்ஹெம் சுமந்தார். பின் மூலைக்குத் தன்னூஸ், அவர் செண்ட் வாசனை கல்லறை வரை வந்தது. குழி மூடியதும் இம் கஸ்ஸான் மெல்ஹெமின் தோளிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, "கூட்டம் எப்படி?" என்று கேட்டாள்.

"ஊரே வந்துச்சு," என்றார் மெல்ஹெம்.

அந்த இலையுதிர் காலத்தில் எல்லையில் மறுபடி சண்டை மூண்டு, குண்டுவீச்சுக்குப் பயந்து தெய்ர் லவ்ஸா மொத்தமும் காலியாகிவிட்டது. ஊரில் மிஞ்சியிருந்தது, கல்லறையை விட்டு நகராத இம் கஸ்ஸானும், அவளைத் தனியே விடாத மெல்ஹெமும் மட்டும்தான்.