பூரி வாழும் வீட்டில் இரண்டு கினி பிக்

1

இந்தக் கதை செங்கல்பட்டில் ஒரு கால்நடை மருத்துவமனை பெஞ்சில் கிடைத்தது. 2003, மே மாதம். எங்கள் நாய்க்கு ஊசி போடப் போயிருந்தேன். பெஞ்சின் ஒரு முனையில் கூடையில் பூனையோடு ஒரு பெண். மறு முனையில் பத்து வயதுச் சிறுமி. அவள் மடியில் ஒரு வாளி, வாளிக்குள் எலியா முயலா என்று சொல்ல முடியாத ஒன்று. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சீட்டு எழுதுபவர் விலாசம் கேட்டபோது இருவரும் ஒரே விலாசத்தைச் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மாற்றாந்தாய் வீட்டுக்கு வந்த அன்று ரோகிணி…’

அடித்துவிட்டேன். அந்தச் சொல்லைப் படித்ததுமே நீங்கள் பூனைக்காரி கண்ணகிக்குத் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். நான் அவள் பக்கம் நின்று சொல்கிறேன்.

கண்ணகி சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். முப்பத்து நான்கு வயதில்தான் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை திருநாவுக்கரசு மறைமலைநகர்த் தொழிற்சாலையில் ஃபிட்டர், மனைவியை இழந்தவர். கண்ணகி போட்ட ஒரே நிபந்தனை, பூரியும் கூட வரும் என்பது. (பூரி அவள் வளர்க்கும் பூனை. நிறமும் உப்பலும் அப்படி.)

அம்மாவின் தங்கையான சித்தி வீட்டில் வளர்ந்த அவர் மகள் ரோகிணி, சித்தி பெங்களூருக்குக் குடிபோனதால் அப்பாவிடம் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு கூண்டு. அதில் இரண்டு கினி பிக்.* சாவதற்கு முன் அம்மா வாங்கிக் கொடுத்தவை.

*சீமைப் பெருச்சாளி என்றும் சொல்வதுண்டு. ரோகிணியின் காதுபட யாரும் அப்படிச் சொல்லக் கூடாது.

“பூனைய எங்கனா வுட்டுட்டு வந்துடலாமா?” என்றார் திருநாவுக்கரசு.

“இன்னா பேசறீங்க? ஆறு வருசமா என் காலையே சுத்திகினு கீது. இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்.”

பின்னறையில் கூண்டை வைத்தார்கள். கதவு எப்போதும் மூடியே இருந்தது. கண்ணகி கொத்தமல்லித் தண்டை நறுக்கி, ரோகிணி இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுவாள். இருக்கும்போது போட்டால் அந்தப் பெண் தண்டையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு வேறு போடும்.

3

‘அன்று பூரி பாய்ந்தது. ஒரே கவ்வு…’

இதையும் அடித்துவிட்டேன். பூனை பூனையாக நடந்துகொண்டதில் கதை எங்கே இருக்கிறது? பூனையைப் பற்றிய பயம் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

கத்திரி வெயில் மதியம். கரண்ட் இல்லை. ரோகிணி இந்தி டியூஷனுக்குப் போயிருந்தாள். பின்னறை ஜன்னல் கம்பிக்குள் பூரி தலையை நுழைப்பதைக் கண்ணகி பார்த்தாள். ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தி, கொக்கியும் போட்டாள். பிறகு மிஷினில் உட்கார்ந்தவள், கல்யாண வீட்டு ரவிக்கைகளில் மூழ்கிவிட்டாள்.

ரோகிணி வந்து கதவைத் திறந்தபோது அறை அடுப்பாகக் கொதித்தது. ஒன்று மல்லாந்து கிடந்தது. மற்றொன்றுக்கு வயிறு மட்டும் துடித்தது. ஜன்னலுக்கு வெளியே பூரி தூங்கிக்கொண்டிருந்தது.

“உங்க பூனைதான்! பயமுறுத்தியே கொன்னுடுச்சு!”

முதல் ஷிப்ட் முடிந்து வந்த திருநாவுக்கரசு நேராகச் சாக்கை எடுத்தார். “மகாபலிபுரம் மீன் மார்க்கெட்டாண்ட வுட்டுட்டு வரேன். பொழச்சுக்கும்.”

கண்ணகி வாயைத் திறக்காமல் இருந்தால் பூரி போய்விடும். திறந்தால் அந்தப் பெண் போய்விடும்.

“சாக்க கீழ போடுங்க. பூன ஒண்ணும் பண்ணல. நான்தான் ஜன்னல சாத்தினேன். அனல்ல வெந்துபூட்ச்சு.”

ரோகிணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “பூனைய காப்பாத்தத்தான சொல்றீங்க?”

(இங்கேதான் பல நாள் நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னது ரோகிணிக்காகவா, பூரிக்காகவா? எப்படி எழுதினாலும் கண்ணகி பாதி நல்லவளாகத்தான் வந்தாள். எனக்கே அவள்மேல் சந்தேகம்.)

“ஆமா. அதுக்கும்தான்,” என்றாள் கண்ணகி. “அழுவுறத அப்புறம் வச்சிக்கலாம். இன்னொண்ணுக்கு உசுரு கீது, வாளிய எடு.”

அதை ஈரத்துணியில் சுற்றி வாளியில் வைத்துக்கொண்டு இருவரும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார்கள். கூடையில் பூரியையும் தூக்கிக்கொண்டாள். சாக்கு இன்னும் வீட்டில் இருந்தது.

4

அது பிழைத்தது. மறுநாள் கண்ணகி கம்பிவலை வாங்கிவந்து ஜன்னலில் அறைந்தாள். ரோகிணி ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

நண்பர் சுப்புராமன் படித்துவிட்டு, “கடைசியில் அந்தப் பெண் அம்மா என்று கூப்பிடட்டும்,” என்றார். எழுதிப் பார்த்தேன். ‘அம்மா என்று ரோகிணி…’ பேனா நகரவில்லை. அவளுக்கு அம்மா இருந்தாள். வலையைத் தாண்டிப் பூரி பாய்வதாகவும் ஒரு முடிவு வைத்திருந்தேன். அது கண்ணகிக்குத் தண்டனை கொடுக்க மட்டுமே உதவியது.

பள்ளி திறந்தபின் ஒரு சாயங்காலம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கண்ணகி பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ரோகிணி கூண்டோடு எதிரில் வந்து நின்றாள்.

“இந்தாங்க,” என்று கூப்பிட்டாள்.

“இன்னா?”

“ஒண்டியா இருக்கறதால அது சாப்பிட மாட்டேங்குது. கொஞ்சம் கூடத்துல வுடட்டா? பூரிய நீங்க புடிச்சுக்கிறீங்களா?”

கண்ணகி ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, பூனையை மடியில் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூண்டு திறந்தது. அது மூக்கை நீட்டி, தரையில் ஒரு கால் வைத்தது. உள்ளங்கைக்கு அடியில் பூரியின் முதுகு விறைத்தது. ரோகிணி கினி பிக்கைப் பார்க்கவில்லை. கண்ணகியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. பூரி இப்போது உங்கள் மடியில் இருக்கிறது.