முன்கூட்டிப் போட்ட கையெழுத்து

ஊராட்சிக் கூட்டம் பதினொரு மணிக்கு. அதில் என்ன முடிவாகும் என்பதை யேசுதாஸ் முந்தின நாளே எழுதி முடித்துவிட்டார். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊராட்சியில் பதினெட்டு வருஷமாக அவர்தான் செயலர். தலைவர் பேயாண்டி போனில் சொல்வார், இவர் தீர்மானப் புத்தகத்தில் முத்துமுத்தாக எழுதுவார். உறுப்பினர்களின் கையெழுத்து அதற்கும் முந்தி. வெற்றுப் பக்கங்களில் நாலைந்து மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வார். அதில் ஒரு பெருமை வேறு.

இந்த முறை விஷயம் புதுச் சட்டம். ஊர்களை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஓர் அவசரத் தொலைபேசி நிலையம்; உதவி கேட்டு வரும் போனை அந்தப் பக்கத்து ஆளே எடுத்து ஆம்புலன்ஸ் அனுப்புவார். செலவுக்குப் போன் ஒன்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வரி. சேர விரும்பும் ஊராட்சி இன்றைக்குள் தீர்மானம் போட வேண்டும். தேர்தல் நேரத்தில் வரியா என்று பேயாண்டி அலுத்துக்கொண்டதால், 'ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று எழுதியாகிவிட்டது.

ஆனால் மூன்றாவது வார்டு மாயக்காள் கூட்டத்துக்கு வந்துவிட்டார். உறுப்பினராகி நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அதுவரை அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், அவர் பெயரைக் கையெழுத்தாகப் போட்டதும் கணவர் முத்திருளன்தான். நாற்பது நாளைக்கு முன் முத்திருளன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவசரத்துக்குப் போட்ட போன் பக்கத்து மாவட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகிவிட்டது.

மாயக்காள் புத்தகத்தை இழுத்து வைத்து, எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார்.

"அண்ணே, இது நான் போட்டதில்லயே. அவுக எழுத்தாச்சே இது."



"அவுக போயி நாப்பது நாளாச்சு. இது வேணாம்னு அவுகளா சொன்னாக?"

பேயாண்டி குறுக்கிட்டார். "ரெண்டு ரூவான்னாலும் சனம் நம்மளத்தான் வையும், தங்கச்சி."

"அன்னைக்குப் போன் போட்டது நீங்கதானண்ணே. எந்த மாவட்டம், எந்த ஊருன்னு எம்புட்டு நேரம் கத்துனீக?"

திட்டத்துக்குச் சம்மதம் என்று பேயாண்டியே முதலில் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

யேசுதாஸ் கூனிக்குறுகிப் போனார். இப்படியொரு நிலையம் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய மனிதனின் கையெழுத்துக்கு மேலேயே அது வேண்டாமென்று எழுதியிருக்கிறார். சிவப்பு மையில் தீர்மானத்தை அடித்தார். கையெழுத்தையும் அடிக்கப் போனபோது மாயக்காள் குறுக்கே கை வைத்தார்.

"அத அடிக்காதீங்கண்ணே. அவுக எழுதுன என் பேரு. கெடக்கட்டும்."

யேசுதாஸ் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்திலும் அதே கையெழுத்து. அதற்கடுத்ததிலும். மாயக்காள் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். நாலாவது பக்கம் யார் கையெழுத்தும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. அதில் யேசுதாஸ் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து எழுதி முடிக்கும்வரை, மாயக்காள் பேனாவுக்குக் கை நீட்டியபடி காத்திருந்தார்.