இடுப்பில்லாதவரின் கில்ட்

ராகவி ஒஸ்லோவை விட்டுப் போன இரண்டாவது மாரியில், பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இடுப்பு இல்லாமல் போயிற்று. மேலே விலா எலும்புகள் இருந்தன, கீழே தொடைகள் இருந்தன, அவர் முன்போலவே நிமிர்ந்து நடந்தார். நடுவில் காற்சட்டை நிற்பதற்கு மட்டும் ஒன்றும் இருக்கவில்லை. குடும்ப வைத்தியர் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் அளவுநாடாவை நீட்டி, நீங்களே சுற்றிப் பிடியுங்கள் என்றார். அவர் பிடித்தார். நாடா எதிலும் தடைப்படாமல் இறுகி, முனையோடு முனை சேர்ந்து, சைபர் காட்டியது. வலி உண்டா என்று வைத்தியர் கேட்டார். இல்லை. அப்படியானால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். அன்றிலிருந்து, தோளில் மாட்டும் வார் வைத்த வேலை உடுப்பைத்தான் ஸ்ரீஸ்கந்தராசா உடுத்தினார். அவர் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைப்பவர். அங்கே எல்லாருக்கும் அதே உடுப்பு என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை.

மனைவி சத்தியபாமா இறந்தபின் ஒன்பது வருடம் மகளைத் தனியே வளர்த்தவர் அவர். அபர்டீனுக்குப் படிக்கப் போன ராகவி, யூவன் என்ற ஸ்கொட்லாந்துப் பையனோடு வாழப்போகிறேன் என்று சொன்னபோது, "அப்ப இனி எனக்குப் போன் எடுக்காதை" என்றார். சொன்னதைக் கேட்கிற பிள்ளையாகத்தான் அவளை வளர்த்திருந்தார். அவள் ஐந்து வருடம் எடுக்கவில்லை. கோயிலில் விசாரித்தவர்களிடம், பிள்ளை சோதனைக்குப் படிக்கிறாள் என்றார். அந்தச் சோதனை ஐந்து வருடம் நடந்தது. பிறகு ஒருவரும் விசாரிக்கவில்லை. ஒஸ்லோவின் ஓரம் ஸ்தோவ்னரில் இருந்த அவருடைய வீட்டில், வேலையில்லாத சனிக்கிழமை வாய்திறந்து ஒரு சொல் சொல்லிப் பார்த்தால், குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஆறாவது வருடம் மாசி மாதம் போன் அடித்தது.

"அப்பா, வைகாசியிலை கலியாணம். யூவன்ரை பக்கத்து ஆம்பிளையள் எல்லாரும் கில்ட்தான் போடினம். நீங்களும் போட்டுக்கொண்டு வந்து என்ரை பக்கத்திலை நிப்பியளோ?"

"நிப்பன்," என்றார். இடுப்பைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவள் போனை வைத்தாள்.

கில்ட் என்பது கட்டம் போட்ட துணியை முன்னால் தட்டையாகவும் பின்னால் மடிப்பு மடிப்பாகவும் வைத்து, பக்கத்தில் வாரும் பக்கிளும் போட்டு இறுக்குகிற உடுப்பு. அது நிற்பது இடுப்பில் மட்டும்தான். நல்லதாகத் தைப்பிக்க எட்டு யார் நீளக் கம்பளித் துணியும் எட்டு மாதமும் வேண்டும் என்று வாசித்தார். இருந்தது மூன்று மாதம். ஆகவே இணையத்தில் கிடைத்த மலிவான ஆயத்தக் கில்ட் ஒன்றை எடுப்பித்தார். மெல்லிய துணி, தைக்காமல் அழுத்தி மட்டும் விட்ட மடிப்புகள், முழங்காலையும் மூடித் தொங்கும் நீளம். கில்ட்டைக் கீழே வெட்டக்கூடாது, மேலேதான் குறைக்கவேண்டும் என்று தையல்காரரான அவருக்குத் தெரிந்தது. இடுப்புப் பட்டியைப் பிரித்து, மேலே மூன்று விரல் வெட்டி, இருபத்திரண்டு மடிப்புகளையும் இடுப்பை நோக்கி ஒடுங்குமாறு மறுபடி மடித்து, கட்டத்தோடு கட்டம் பொருந்தக் கையால் தைத்தார். உள்ளே தடித்த துணி வைத்துப் பட்டியைப் பூட்டினார். மேசையில் விரித்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. உடுத்தினால் விழுந்தது. பக்கிளை ஒரு விரல் தள்ளித் தைத்தார், விழுந்தது. இன்னொரு விரல் தள்ளினார். அப்போதும் விழுந்தது.

கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில் விரிப்பு மடிக்கும் பெரிய மேசை ஒன்று உண்டு. பங்குனியில் ஒரு ஞாயிறு மத்தியானம், நீளக் கம்பளி உள்ளுடுப்போடு, காலடியில் கில்ட் வட்டமாகக் கிடக்க அவர் அங்கே நின்றபோது, எதிர்வீட்டு மேரின் துணிக்கூடையோடு உள்ளே வந்தார். எழுபது வயது நோர்வேக்காரி. பதினான்கு வருடத்தில் இருவரும் "ஹேய்" என்பதற்கு மேல் கதைத்ததில்லை.

"நிற்காதா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"நிற்காது. எனக்கு இடுப்பில்லை."

மேரின் கூடையைக் கீழே வைத்தார். "என் வீட்டு அழைப்புமணியும் அப்படித்தான். ஆறு வருடமாக ஒலிப்பதில்லை. பழுது ஒன்றுமில்லை என்கிறார்கள்." பிறகு மேசையில் கிடந்த நாடாவை எடுத்து அவரைச் சுற்றிப் பிடித்தார். நாடா தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டரில் நின்றது. ஸ்ரீஸ்கந்தராசா தானே வாங்கிப் பிடித்தார்: சைபர். மேரின் மறுபடி பிடித்தார்: தொண்ணூற்றிரண்டு. "சரி, நான் பிடிக்கிறேன், நீங்கள் அடையாளம் போடுங்கள்," என்றார். அடுத்த நாலு ஞாயிறும் அவர் வந்து பிடித்தார். பக்கிள்கள் உரிய இடத்துக்கு வந்தன. மேரின் பூட்டினால், ஸ்ரீஸ்கந்தராசா அவிழ்க்கும்வரை கில்ட் அசையாமல் நின்றது. அவரே பூட்டினால், அந்தக் கணமே தரையில் கிடந்தது.

ஆகவே ஒஸ்லோவிலேயே பூட்டிக்கொண்டு புறப்படுவது என்று தீர்மானமாயிற்று. கலியாணத்துக்கு முதல்நாள் காலை மேரின் வாசலில் வைத்துப் பூட்டிவிட்டார். ரயிலில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. ஒஸ்லோவில் அது மரியாதை. விமான நிலையச் சோதனைக் கதவு மட்டும் மூன்று பக்கிளுக்கும் மணியடித்தது. அவிழ்த்துத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். திரும்ப எடுத்தபோது, இதைப் பூட்டிவிடுவீர்களா என்று உத்தியோகத்தரைக் கேட்டார். பயணிகளுக்கு உடுத்திவிட எங்களுக்கு அனுமதியில்லை என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள். அவர் பையில் இருந்த வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு, கில்ட்டை மடியில் வைத்தபடி கடலைக் கடந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தரம் யோசித்தார். விமானம் திரும்புகிற சாதனம் அல்ல.

மறுநாள் அபர்டீன் ஹோட்டல் அறைக் கதவைத் தட்டி ராகவி உள்ளே வந்தாள். கலியாணச் சேலை உடுத்திருந்தாள். ஐந்து வருடத்தில் முகம் தாயுடையதாகியிருந்தது. அப்பா இரண்டு கையாலும் கில்ட்டைப் பிடித்துக்கொண்டு அறை நடுவில் நின்றார்.

"என்னப்பா, இன்னும் உடுக்கேல்லையோ? எல்லாரும் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"நான் கட்டினா நிக்காது பிள்ளை. எனக்கு இடுப்பில்லை."

"எப்ப இருந்து?"

"நீ போன ரெண்டாவது மாரியிலை இருந்து."

ராகவி சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டு, அவருடைய கைகளை விலக்கி, வாரை இழுத்தாள். மேரின் பூட்டிய துளையில் அது தளர்ந்தது. அடுத்த துளைக்கு இழுத்துப் பூட்டினாள்.

"மெலிஞ்சு போனியள்," என்றாள்.

"போன் எடுத்திருக்கலாமே பிள்ளை," என்றார்.

"நீங்களும் எடுத்திருக்கலாம்."

"ஓம்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

கில்ட் அன்று முழுக்க நின்றது. தாலி கட்டும்போது நின்றது, யூவனின் மாமன்மார் அவரை இழுத்துக்கொண்டு ஆடியபோதும் நின்றது. அவர்களில் ஒருவர் பின்னால் வந்து மடிப்புகளைக் கிட்டப் பார்த்து, எந்தத் தையல்காரர் என்று விசாரித்தார். திரும்பும்போது அபர்டீன் விமான நிலையத்தில் பக்கிள்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள். அந்த ஊரில் கில்ட்டைக் கழற்றச் சொல்வதில்லை. திங்களும் செவ்வாயும் அதன்மேலேயே வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு தையல் மெஷினில் இருந்தார். மகள் பூட்டியது என்பதால் படுக்கும்போதும் அவிழ்க்கவில்லை. வியாழக்கிழமை குளிக்கவேண்டியிருந்தது. பக்கிளை அவிழ்த்தார், கில்ட் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, இருபத்திரண்டு மடிப்பையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மடித்து, அலுமாரியில் வைத்தார். குளித்தார். தோள்வாரை மாட்டிக்கொண்டு ஏழரை ரயிலுக்கு நடந்தார்.