கோவிந்தசாமிக்கு ஐந்து வரி

ஆளுக்கு ஐந்து வரி என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஐந்து வரிக்குள் ஒரு மனுஷனை மடக்கி வைக்க அவன் என்ன வேட்டியா? நான் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மில்லில் பஞ்சு சுமந்த ஒருவர், நான் எழுதி முடித்தபோது, ஒரே தோளில் ஆறு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பிரெஞ்சு கவர்னரை முறைத்துக்கொண்டிருந்தார். என் கையில் அகப்பட்ட யாரும் சின்ன ஆளாக வெளியே போனதில்லை.

முப்பத்திரண்டு வருஷம் மில் டைம் ஆபீசில் உட்கார்ந்து, எவன் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று மட்டுமே எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது தாராளமாக எழுதக் கூடாதா?

முப்பத்தாறாம் வருஷத்து மில் வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், இப்போதிருக்கும் அவர்களுடைய வாரிசுகள் என்று நாற்பத்தொரு குடும்பங்களின் விவரத் தொகுப்பு அது. எங்கள் ஓய்வூதியர் சங்கம் ஜூலை முப்பதாம் தேதி வெளியிட இருந்தது. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கும் வேலை தாமரைச்செல்வி மேடத்துக்கு. கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். என் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், கவர்னரை முறைச்சாருன்னு எழுதியிருக்கீங்களே, ஆதாரம் இருக்கா?"

"முறைச்சதுக்கு யாராவது ரசீது குடுப்பாங்களா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "லைப்ரரியில பழைய அன்னுவேர் இருக்கு. தெரு பேரு, அதிகாரி பேரு, அதையாவது ஒத்துப் பாத்துட்டு வாங்க."

அன்னுவேர் என்றால் பிரெஞ்சுக்காரன் வருஷா வருஷம் அச்சடித்த விவரப் புத்தகம். ஜட்ஜிலிருந்து தபால்காரர் வரை யார் எந்த உத்தியோகம், எந்தத் தெரு என்று எல்லாம் இருக்கும். மில்லில் நூல் இழுத்தவனுடைய பேர் மட்டும் அதில் இருக்காது. அந்தப் புத்தகத்தின் கணக்கில் அவன் பிறக்கவே இல்லை.

ஆகவே முப்பத்தாறாம் வருஷத்துப் புத்தகத்தில் 'கோவிந்தசாமி, சின்னத்தம்பி மகன்' என்ற பேரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து ஓரடி எம்பினேன். கோவிந்தசாமி என் சிநேகிதன் தெய்வசிகாமணியின் தாத்தா. வேலைநிறுத்தத்தில் தொடையில் குண்டு பாய்ந்தவர். நான் எழுதியதில் மூன்று குண்டு. அவர் அச்சிலேயே இருக்கிறார்! தெருவும் அதே தெரு. சந்தோஷத்தில் பக்கத்தின் தலைப்பைப் பார்க்க மறந்துவிட்டேன். பிறகு பார்த்தேன். போலீஸ் படை. எண் 214.

அந்த எண் எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன் தெய்வசிகாமணி 214 என்று பொறித்த ஒரு பித்தளை பில்லையைத் துணியில் பொதிந்து எடுத்துவந்து, "செழியா, இது இன்னாடா?" என்றான். தாத்தாவுடையதாம். டைம் ஆபீஸ்காரனைக் கேட்டால் என்ன சொல்வான்? "மில் டோக்கன்டா. பிரெஞ்சுக்காரன் காலத்துது. இந்த மாதிரி ஆயிரம் பாத்திருக்கேன்" என்றேன். அதற்கு முன் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் கையில் எண் போட்ட பித்தளை எது கிடைத்தாலும் அது மில் டோக்கன்தான். போலீஸ் சிப்பாய் இடுப்பில் மாட்டிய பில்லையாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அன்றிலிருந்து அது சட்டம் போட்டு அவன் கூடத்தில் தொங்குகிறது.

அடுத்த வருஷப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தேன். பாராட்டுப் பெற்ற போலீஸ்காரர்கள் பட்டியலில் அதே 214. 'ஜூலை 30, பணியின்போது வலது தொடையில் கல்லடி.'

ஆக, அன்றைக்கு அடிபட்டது உண்மை. தொடையில்தான் என்பதும் உண்மை. தெய்வசிகாமணியின் அப்பாவுக்கு மூன்று வயதாகும்போதே கோவிந்தசாமி இறந்துவிட்டார். பிள்ளையை வளர்த்தது மில்லில் வேலை செய்த தாய்மாமன். அந்த வீட்டில் எப்போதோ போலீஸ்காரர் மில்காரரானார், கல் குண்டானது. ஒன்று மூன்றானது மட்டும் என் கைங்கரியம்.

தெய்வசிகாமணி வீட்டுக்கு, அரியாங்குப்பத்துக்கு பஸ் ஏறினேன். பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கோவிந்தசாமி என் மனசுக்குள் துப்பாக்கியைத் தூக்கி எறிந்து, மேலதிகாரியை அறைந்து, தொழிலாளர் பக்கம் ஓடிவந்துவிட்டார். நல்ல கதை. பத்து நிமிஷத்தில் இவ்வளவு செய்ய என்னால்தான் முடியும்.

தெய்வசிகாமணி கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி தனக்கொடிதான் முதலில் பார்த்தாள்.

"வாங்கண்ணே. இன்னிக்கி தாத்தாவ யானை மேல ஏத்தி இட்டுனு வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. எறக்க வந்தேன்."

சொல்லிவிட்டேன். மில் இல்லை, போலீஸ் என்று. அவன் கை நிற்கவில்லை. இன்னும் நாலு கடலை உரித்தான்.

"வேற எவனாவது கோவிந்தசாமியா இருப்பான்டா."

"சின்னத்தம்பி மகன். உங்க தெரு. நம்பர் எரநூத்திப் பதினாலு."

தனக்கொடி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

"ஆனா கேளு," என்று ஆரம்பித்தேன். "சுடச் சொன்னதும் உங்க தாத்தா துப்பாக்கிய வீசிட்டு..."

"அது புக்குல கீதா, உன் வாயில கீதா?"

"வாயில."

"அடிபட்டது?"

"கல்லடி."

"அவரு சுட்டாரா?"

"அது போடலடா."

தனக்கொடி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உட்டுடுங்களேன். தொண்ணூறு வருஷமாச்சு. எவன் போயி பாக்கப் போறான்?"

"நம்ம ஸ்ட்ரைக்குல மில் கேட்டுல நின்னு நான் இன்னா பேசினேன், தெரியுமாடி உனக்கு?" என்றான். குரல் உயரவில்லை. "எங்க தாத்தன் ரத்தம் சிந்தின வாசல், இத தாண்டி எவனும் உள்ள போவக் கூடாதுன்னேன். அந்தப் பேச்சுக்கு நாப்பது பேரு என் கூட நின்னானுங்க. எனக்கு போன வேல ரெண்டு வருஷத்துல திரும்பிச்சு. ஆறு பேருக்கு திரும்பவே இல்ல."

அந்த ஆறு பேரையும் எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பேரை அடித்தவன் நான்.

அவனே பேனாவை எடுத்துவந்து கொடுத்தான். "எழுது. அஞ்சு வரிதானே கேட்டாங்க?"

கோவிந்தசாமி, சின்னத்தம்பி மகன். போலீஸ், எண் 214. ஜூலை முப்பது அன்று பணியில் இருந்தார். கல்லடி பட்டது. நாலு வரியோடு நிறுத்தி மூடியைத் திருகினேன்.

"இன்னும் ஒண்ணு. சுட்டாரா, தெரியலன்னு போடு."

"அது எதுக்குடா?"

"அதான்டா கேப்பாங்க."

'சுட்டாரா என்பது தெரியவில்லை' என்று எழுதினேன். இரண்டு தடவை பேனா நின்றது, மை இருந்தது.

தாமரைச்செல்வி மேடம் அதைப் படித்துவிட்டு, மற்ற நாற்பதையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஐந்து வரிக்கு வெட்டினேன். கவர்னரை முறைத்தவர் வெறும் பஞ்சுக்கூலியானார்.

ஜூலை முப்பது காலையில் புத்தகம் கைக்கு வந்தது. நினைவிடத்தில் மாலை போட குடும்பங்கள் வரிசையில் நின்றன. தெய்வசிகாமணி வருஷா வருஷம் நிற்கும் மூன்றாவது இடத்தில், மாலையோடு நின்றான். வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு முன்னால் அன்னக்கிளி. அவளுடைய தாத்தா அன்றைக்குச் செத்தவர்களில் ஒருவர். அவள் புத்தகத்தை விரலிடுக்கில் பிரித்து வைத்துக்கொண்டே திரும்பினாள்.

"அண்ணே, இது நெஜமா?"

"நெஜந்தான்."

"நீங்களே போடச் சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க தாத்தாவ..."

"அது தெரியல."

அவள் அவன் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். அந்தத் துப்பாக்கிக் கதையைச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. தெய்வசிகாமணி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"இங்க நிக்காதீங்கண்ணே," என்றாள். "எல்லாரும் போட்டப்புறம் போடுங்க."

அவன் தலையாட்டிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனான். நானும் கூடப் போய் நின்றேன். நாற்பது குடும்பம் மாலை போட்டு முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மைக்கில் அவன் பேரை மட்டும் கூப்பிடவில்லை. மைக்கை அணைத்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவன் படியேறி மாலையைப் போட்டான். அன்னக்கிளி இன்னும் போகவில்லை. ஓரமாக நின்று, கைகட்டி, அவன் இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.