காதுகுத்து ஃப்ளெக்ஸில் ஒரு கப்பல்

மலைக்கிராமமான போளூரில் சிக்னல் கிடைப்பது குதிரைக் கொம்பு. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் முருகானந்தம் அனுப்பிய போட்டோ, ரோகிணி மேட்டில் ஏறி நின்றபோதுதான் வந்து சேர்ந்தது. கூடவே வந்த குரல் செய்தி பாதியிலேயே நின்றுவிட்டது. பூண்டு பிடுங்கும் நேரம். புருஷன் குரலைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று, போட்டோவை மட்டும் நாயுடுபுரத்துத் தம்பி செல்வமுருகனுக்குத் தட்டிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டாள்.

மகளுக்குப் பழனியில் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் குத்தின காது காதே இல்லை. தகப்பன் வர முடியாவிட்டால் படமாவது பெரிதாக நிற்கட்டும் என்பது தாய்மாமன் ஆசை.

இரண்டு நாள் கழித்து நாயுடுபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தக் குரல் செய்தியைக் கேட்டாள்.

"ரோகிணி, அந்தப் போட்டோவ யாருக்கும் காட்டிராத. பின்னாடி தெரியிற பச்சைப் பெட்டில சரக்கு இல்ல, ஏவுகணை. பட்டாளத்துக்காரங்க சரக்குப் பெட்டி மாதிரியே செஞ்சு எங்க கப்பல்ல ஏத்திருக்காங்க. மூடி தொறந்து கெடந்தது தெரியாம எடுத்திட்டேன். எதிராளி கண்ணுல பட்டுச்சுன்னா மொத அடி எங்களுக்குத்தான். வெரசா அழிச்சிரு."

அண்ணாந்து பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் தம்பி கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் வீட்டுக்காரர் பன்னிரண்டடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் பச்சைப் பெட்டி, உள்ளே வரிசையாகக் குழாய்கள். கீழே கப்பலின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான் தம்பி. அவனே பல்லெல்லாம் தெரிய எதிரே வந்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"எறக்குலே! மாமா உசுரு போயிரும்லே!"

அவன் முழித்தான். அவளே கம்பத்தில் தொற்றிக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஃப்ளெக்ஸ் சரிந்து அவள் தலைமேலேயே விழுந்தது.

"ஏன்க்கா கழட்டுறீங்க?" என்றான் ஒரு டூரிஸ்ட் பையன். "மிசைலுக்குக் காதுகுத்துன்னு நேத்தே ரீல்ஸ் போட்டோம். செம வைரல்."

நடுரோட்டில் அவன் காலைப் பிடித்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவன் முகமும் வெளுத்தது. அங்கேயே அழித்தான்.

"ஆனா நெறைய பேரு ஷேர் பண்ணிட்டாங்கக்கா."

அப்போது முருகானந்தத்திடமிருந்து செய்தி வந்தது. "அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேங்க" என்று தட்டி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது.

இங்கே சிக்னல் முழுசாக இருந்தது. அவருக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் இரண்டாவது டிக் மட்டும் விழவே இல்லை.